கல்யாணப் பெண்ணின் கட்டை நகங்கள்

சனிக்கிழமை கல்யாணம். இன்னும் இரண்டே நாள். அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில் இருந்த அந்த பியூட்டி பார்லரில், கேத்தரின் தன் இரண்டு கைகளையும் வெள்ளைத் துண்டின்மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நகம் செய்யும் பெண் கிருத்திகா. பக்கத்து நாற்காலியில் ஆஞ்சலா. கேத்தரின் கட்டிக்கொள்ளப்போகும் ஷெர்வினின் அக்கா அவள். சர்ச் அலங்காரத்திலிருந்து சாப்பாடு வரை எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பவள்.

"அக்ரிலிக் நகமே ஒட்டிடுங்க. நல்லா நீளமா, நுனியில வெள்ளை கொடுத்து, மோதிர விரலுக்கு மட்டும் கல்லு" என்றாள் ஆஞ்சலா.

கேத்தரின் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எனக்கு சாதா மேனிக்யூர் போதும்."

"சாதாவா? நகத்த வெட்டி கைய கழுவி விடறதுக்கா ஜோகுபாளையத்துலேர்ந்து ஆட்டோ பிடிச்சு வந்தோம்? அக்ரிலிக் வேணாம்னா ஜெல் பூச்சு போட்டுக்கோ. அதுக்கும் கீழ இறங்காத."

கேத்தரின் கிருத்திகாவைப் பார்த்தாள். "இதெல்லாம் எடுக்கணும்னா எப்படிங்க எடுப்பீங்க?"

கிருத்திகா கடையின் லாபத்தைப் பார்த்துப் பேசுகிறவள் இல்லை. "ரெண்டையுமே வீட்ல எடுக்க முடியாது மேடம். இங்க வந்து, மேலாப்புல ராவி, மருந்துல ஊற வெச்சுத்தான் எடுக்கணும். பிச்சு எடுத்தா சொந்த நகமும் சேந்து உரிஞ்சு வந்துடும். ஞாயிறு, திங்கள் ரெண்டு நாளும் புக்கிங் ஃபுல். செவ்வாய்க்கிழமை வாங்க."

"செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி."

கேத்தரின் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றும் வார்டு அவளுடையது. அங்கே நுழைகிறவர்கள் வளையலையும் கடிகாரத்தையும் கழற்றிவிட்டு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நகப்பூச்சுக்கு அனுமதி கிடையாது. ஒட்டிய நகத்தின் அடியில் எத்தனை கழுவினாலும் போகாத கிருமி தங்கும் என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

"ஒரு நாள்தானே? கிளவுஸ் போட்டுக்கோ, யாரு பாக்கப்போறா?" என்றாள் ஆஞ்சலா.

அந்த வார்த்தை கேத்தரினைச் சுருக்கென்று தைத்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், நிச்சயதார்த்தத்தின்போதும் ஆஞ்சலா இதையேதான் சொன்னாள். புதிதாக வரும் சொந்தத்தின் மனம் கோணக் கூடாது என்று கேத்தரினும் அன்று தலையாட்டி, நகம் ஒட்டிக்கொண்டாள்.

ஆஞ்சலா உடனே தம்பிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "டேய் ஷெர்வின், உன் பொண்டாட்டியாகப்போறவ அடம் பிடிக்கிறா. நீயே சொல்லு."

ஷெர்வின் ஆபீஸில் இருந்தான். "கேத்தி, நாலு நாள் மேட்டரு. எதுக்கு அக்காவோட பேஜாரு? போட்டுக்கோயேன்."

கேத்தரின் கைகளைத் துண்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.  இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எந்த நாளும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஷெர்வின், அக்கா, ரெண்டு பேரும் கேளுங்க. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் நான் அந்த நகத்தோடயே டியூட்டிக்குப் போனேன். மேல கிளவுஸ் போட்டிருந்தேன். ஒரு குழந்தைக்குப் பால் குழாய சரி பண்ணி முடிச்சப்புறம்தான் பாக்கறேன், கிளவுஸோட நுனி கிழிஞ்சு நகம் வெளிய வந்திருக்கு. எங்க சீனியர் சிஸ்டர் பாத்துட்டு அப்பவே என்ன வார்டை விட்டு அனுப்பிட்டாங்க."

 கிருத்திகா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு நாள் கழிச்சு அந்தக் குழந்தைக்கு ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன். ஒண்ணேகால் கிலோதான் இருக்கும். பத்தொம்போது நாள் சாவோட போராடிச்சு. எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியலன்னு டாக்டர் சொன்னாரு. என்னாலதான்னு யாரும் சொல்லல. என்னால இல்லன்னு அடிச்சுச் சொல்லவும் முடியல. ஆண்டவர் புண்ணியத்துல குழந்தை பொழச்சுது. வீட்டுக்குப் போற அன்னிக்கு அந்த அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? என் ரெண்டு கையையும் பிடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் அப்படியே நின்னேன்."

ஆஞ்சலாவின் முகம் சிவந்தது. "அப்போ எல்லாம் என்னாலதான்னு சொல்றியா?"

"இல்லக்கா. விதி தெரிஞ்சவ நான். வேணாம்னு சொல்ல வாய் வராம இருந்ததும் நான்தான். தப்பு என்னோடது. அதனாலதான் இன்னிக்கு வேணாம்னு சொல்றேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, இதுல மட்டும் நான் மாறமாட்டேன்."

ஃபோனில் ஷெர்வினின் குரல் இறங்கி வந்தது. "இவ்ளோ நாள் இத தனியா சுமந்திருக்க. நான் பாட்டுக்கு நாலு நாள் மேட்டர்னு பேசிட்டேன். மன்னிச்சிரு கேத்தி. உனக்கு எது சரியோ அதையே பண்ணு."

ஆஞ்சலா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கிருத்திகா வெதுவெதுப்பான தண்ணீரில் கேத்தரினின் விரல்களை ஊறவைத்தாள். கொதிநீரில் போட்டெடுத்த கருவிகளைக் கையிலெடுத்தாள். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டி, ஓரங்களை அரத்தால் வழுவழுப்பாக்கினாள். நாள் முழுக்கக் கழுவிக் கழுவி வறண்டிருந்த தோலில் களிம்பு தேய்த்து நீவிவிட்டாள். பூச்சு எதுவும் வைக்கவில்லை.

"என் தங்கச்சி குழந்தையும் எட்டாம் மாசத்துலதான் பொறந்தான்" என்று மட்டும் சொன்னாள்.

கேத்தரின் வெளியே வந்தபோது ஆஞ்சலா ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.  வீட்டு வாசலில் கேத்தரின் இறங்கியபோது, "கைய காட்டு" என்றாள் ஆஞ்சலா. நீட்டிய கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சரி, போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பச் சொன்னாள். கோபம் தீர்ந்ததா இல்லையா என்று கேத்தரினுக்குப் புரியவில்லை. அன்றிரவு அவள் தன் முடிவை ஒருமுறைகூடத் திரும்ப யோசிக்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. சர்ச்சில் திருப்பலி முடிந்து வரவேற்பில் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து வாழ்த்தினார்கள். ஷெர்வினின் பெரியம்மா, கேத்தரினின் கையைப் பிடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை விட்டார்.

"என்னடி ஆஞ்சலா, பொண்ணோட கை இப்படி மொட்டையா இருக்கு? வேலைக்காரி கை மாதிரி. ஒரு பாலிஷ்கூட போடலியா? அந்த லட்சணத்துக்கு நீ எதுக்குக் கூடப் போன?"

கேத்தரின் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆஞ்சலா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேலை செய்ற கைதான் பெரியம்மா. செவ்வாய்க்கிழமை காலையில பதினாறு பச்சக் குழந்தைங்க இந்தக் கைய நம்பி இருக்கும். நகம் ஒட்டச் சொல்லி அவள நிச்சயதார்த்தத்துல தப்பு பண்ண வெச்சதே நான்தான். அத ஒத்துக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. கல்யாணம்னு வந்துட்டா பொண்ணு செய்ற வேலைய நாம ஒண்ணுமில்லாததா நினைச்சிடறோம். அழகு பண்ணிக்கிறதுல தப்பே இல்ல. ஆனா நம்ம பெருமைக்காக, இன்னொரு உயிரைக் காக்கற கைய இப்படி வெச்சுக்கோ, அப்படி வெச்சுக்கோன்னு சொல்ற உரிமை நம்ம யாருக்கும் கிடையாது."

 பெரியம்மா, விட்ட கையை மறுபடி எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.