ஹாரோகில் ஒன்பது பேர்

ஹாரோகில் என்ற குடும்பப் பெயரோடு உலகத்தில் எந்த நாளிலும் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். பெரிய கொள்ளைநோய் வந்த வருஷம் யார்க்‌ஷயர் மலையில் அந்தப் பெயருள்ள குக்கிராமம் அடியோடு அழிந்து, ஒருவருக்கொருவர் உறவில்லாத ஒன்பது பேர் மட்டும் மூன்று ஆடுகளோடு கீழே பெக்டேல் பள்ளத்தாக்குக்கு இறங்கி வந்தார்கள். தேவாலயத்து எழுத்தர் ஒவ்வொருவராக விசாரிக்கச் சோம்பல்பட்டு, எல்லோருக்கும் அவர்கள் ஊர்ப்பெயரையே போட்டுவிட்டார். சாவு விட்டுக்கொடுத்தது ஒன்பது பேரை மட்டும்தான் என்பது பத்தாவதாக ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று தெரிந்தது. பதிவேட்டில் பெயர் எழுதிய மை காய்வதற்குள், வயலில் உழுதுகொண்டிருந்த திடகாத்திரமான ஹாரோகில் ஒருவர் கலப்பையைப் பிடித்தபடியே செத்துப்போனார். கிழங்கட்டைகள் இருக்க அவரை ஏன் எடுத்தது என்று கேட்டுப் பயனில்லை, அது வயது பார்ப்பதில்லை.

ஒன்பதுக்குக் குறையவும் அந்தப் பெயர் விடாது. ஒருமுறை ஒரு ஹாரோகில் ஆற்றோடு போனபோது, அன்றைக்கே சந்தை விடுதியில் ஓர் ஊசிநூல் வியாபாரி தன் பெயரை ஹாரோகில் என்று எழுதிவிட்டு, நேராக மலையேறி வந்து அவர்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டார். லங்காஸ்டரில் இருந்த மனைவியின் முகம் அவருக்கு மறந்துபோயிருந்தது. இப்படி ஐந்நூறு வருஷத்தில் குடும்பம் பழகிக்கொண்டது. மருமகள் வரும் காலையிலேயே ஒரு மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள், மகள் கல்யாணம்தான் முதலில். பிறந்த பிள்ளைகள் இடம் காலியாகும்வரை ஞானஸ்நானம் இல்லாமல் தவழ்ந்தன. நோயாளியைப் பார்க்கப் பன்றிக்கறியோடு வந்த சொந்தக்காரர்கள், அவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று கேட்டு முகம் வாடிப்போனார்கள்.

1871இல் ஒன்பது பேரும் கல்லுக்குண்டாக இருந்தார்கள், அதுதான் கஷ்டமாகப் போயிற்று. அந்த ஒன்பதில் ஒருத்தி தாமசின். முப்பத்துநான்கு வயது, காலுறை பின்னிப் பிழைப்பவள், கல்யாணமே வேண்டாம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டவள். அவள் தம்பி ஏமஸின் மனைவி கெசையா நிறைமாதமாக இருந்தாள். ஞானஸ்நானம் இல்லாமல் குழந்தை செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அந்தப் பயத்தில் ஏமஸ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு அக்காவின் வாசலில் வந்து நின்றான்.

"யாரையாவது கட்டிக்கக்கா. நல்லவனா இருக்கணும்னுகூட நான் கேக்கல."

"உனக்குப் புள்ள பொறக்க நான் புருஷன் தேடணுமா? நல்லா இருக்குடா உங்க நியாயம்."

சொன்னாளே தவிர, அன்று முழுவதும் அவளுக்குக் கண்ணி தவறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மனைவியை இழந்த கல்குவாரிக்காரர் ஐசக் டின்ஸ்டேலுக்குச் சம்மதம் சொன்னாள். கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் ஒரே காலையில் வைத்தார்கள். ஆனால் கெசையாவுக்குப் பிறந்ததோ இரட்டை ஆண் பிள்ளைகள். காலியான ஒரே இடத்தில் மூத்தவன் ஜெத்ரோவை எழுதினார்கள். அடுத்தவன் முறை வந்ததும் பாதிரியாரின் பேனா நின்றது. புதுமணப்பெண் எழுந்து போய்க் கெசையாவின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"சைலஸ் டின்ஸ்டேல்னு எழுதுங்கய்யா. கெசையா, இவன் இனிமே எம்புள்ள. பாதி உனக்கு, பாதி எனக்குன்னு புள்ள வளக்க என்னால ஆகாது."

வேண்டாத கல்யாணத்தில் வந்த அந்தப் பிள்ளைதான் அவளுக்கு உயிரானான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஜெத்ரோ, இந்தப் பக்கம் சைலஸ், அச்சு அசலாக ஒரே முகம். தாமசின் வருஷா வருஷம் பிறந்தகத்துக்கு ஒன்பது ஜோடி காலுறை பின்னி அனுப்பினாள். யாராவது இருமினால் பனியில் நடந்து போய்க் கஷாயம் கொடுத்தாள். தங்கமான மனசு என்று ஊர் மெச்சியது. உண்மையில் அது வெறும் பயம். யாராவது செத்து, ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கும் பிள்ளையும் இல்லையென்றால், பெயர் ஆள் தேடிக் கிளம்பும். முதலில் எந்த வீட்டுக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

இருபத்தாறு வருஷம் காத்தாள். அந்த வசந்தத்தில் ஹாரோகில் வீட்டில் தொட்டில் காலியாக இருந்தது. ஒரு நடுப்பகலில் மலைச்சரிவில் பாறை உருண்டு ஜெத்ரோ செத்தான். சாவு மணி அடித்தபோது சைலஸ் சந்தையில் கம்பளி விற்றுச் சீட்டில் ஹாரோகில் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மழையோடு திரும்பியவன் வாசலிலேயே விருந்தாளிபோல் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"நனைஞ்சிருக்கியேடா, உள்ள வா."

"இல்ல அத்தை. வீட்ல அம்மா அழுதுக்கிட்டு இருக்கும்."

அத்தை என்ற சொல் அவள் நெஞ்சில் இறங்கியது. அன்று பின்னி முடித்திருந்த காலுறையை எடுத்து நீட்டினாள். அவன் மரியாதையாக நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனான். அவள் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்தக் குளிர்காலத்திலும் தாமசின் ஹாரோகில்களுக்கு ஒன்பது ஜோடி காலுறை பின்னி அனுப்பினாள்.