பாட்டுப்பெட்டிக்கு வைத்த பொட்டு

என் அக்கா பவுனம்மாளுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டாள். தையல் மிஷின், சைக்கிள், மண்ணெண்ணெய் அடுப்பு, எதுவும் அவளிடம் தப்பியதில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் அவள் மகள் ரமணியின் கல்யாணத்தன்று அதனால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்கா வீட்டு வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் காப்பாரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அதே ஊரிலிருந்து வரவேண்டிய மேளக்காரர்களைக் காணோம்.

“வழியில பார்த்தோம். அவங்க லோரி சேத்துல மாட்டிக்கிச்சு,” என்று சாவகாசமாகச் சொன்னார் மாப்பிள்ளையின் தாய்மாமன் நாகையா.

“பார்த்தீங்கள்ல, ஏத்திக்கிட்டு வர வேண்டியதுதானே அண்ணே?” என்றேன்.

“பஸ்ஸுல இடமில்லம்மா. ஆனா கெட்டிமேளம் இல்லாம தாலி ஏறாது. அந்த நேரம் பார்த்து யாராச்சும் தும்மிட்டா? அபசகுனம் காதுல விழக்கூடாது. இந்த முகூர்த்தம் போனா அடுத்த மாசம் வச்சுக்கலாம்.”

அடுத்த மாதமாம். மணையில் உட்கார்ந்திருந்த ரமணியின் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வீட்டுக் கிரிகரியிடம் கிராமபோன் இருந்தது. கத்தோலிக்கர், ஆனால் நாதஸ்வரம் என்றால் உயிர். கெட்டிமேளத்தோடு முடியும் நாதஸ்வர இசைத்தட்டு, பிளேட்டு ஒன்றும் வைத்திருந்தார். பந்தல் முழுக்கக் கேட்டால் சரி என்று நாகையா இறங்கிவந்தார். கிரிகரி பெட்டியைத் தூக்கிவந்து மணமேடை ஓரமாக வைத்துவிட்டு, பிளேட்டை எடுக்கப் போனார். திரும்பி வந்து சாவி கொடுத்து ஊசியை இறக்கினால், போர்வைக்குள் யாரோ முனகுவது போலச் சத்தம் வந்தது.

வேறு ஊசி போட்டார். அதே முனகல். நாகையா கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

“என்ன தம்பி, நேத்து எங்க கதவெல்லாம் அதிர்ற மாதிரி பாடுச்சே?” என்றாள் அக்கா.

கிரிகரி தயங்கினார். “ஊசி பிளேட்டு மேல ஓடுறப்ப நடுங்கும் அக்கா. அந்த நடுக்கம் இந்த வட்டத்துல இருக்கிற காக்காப்பொன் தகட்டுக்குப் போகும். தகடு அதிர்ந்தாத்தான் சத்தம். குழல் அதைப் பெருசாக்கும், அவ்வளவுதான். இப்ப தகடு அதிர முடியல.”

“ஏன் முடியல?”

விரலை நீட்டினார். முகம் போல வட்டமாக இருந்த அந்தத் தகட்டில் தடிமனாக அப்பிய சந்தனம். நடுவில் பெரிய குங்குமம். எல்லாம் அவர் பிளேட்டு எடுக்கப் போன நேரத்தில் அக்கா செய்த கைவேலை.

“அப்பவே பார்த்தேன். உங்க சாமி விஷயம், நான் கை வைக்கக்கூடாதுன்னு இருந்துட்டேன்.”

“நல்லா இருந்தீங்க போங்க,” என்று ஈரத்துணியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்யாண வீட்டுல குங்குமத்தை அழிப்பியாடி? என் பொண்ணுக்குத் தாலி ஏறப்போற நேரம்.”

கோபம் ஒருபக்கம் இருந்தாலும் அவள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நானும் நெற்றியில் குங்குமம் வைத்திருப்பவள்தானே.

குனிந்த தலை நிமிராமல் ரமணி முணுமுணுத்தாள். “சித்தி, மொதல்ல வேற இடத்துல பொட்டு வச்சிடுங்க. அப்புறம் இதைத் தொடைங்க.”

என் கண்ணே என்று அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அக்காவே குழலின் வெளிப்பக்கம் சந்தனம் தடவி, குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். பிறகுதான் கிரிகரி தகட்டைப் பூப்போலத் துடைத்தார்.

ஊசி இறங்கியது. நாதஸ்வரம் பந்தலைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. மேடைப் பலகை என் காலடியில் அதிர்ந்தது. பிளேட்டு முடியும் இடத்தில் கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியைக் கட்டினார், அட்சதை பறந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த முதல் முடிச்சு விழும்போதுதான் ஓமப்புகை எங்கள் பக்கம் திரும்பியது. என்னை ஒட்டி நின்ற நாகையா, மூக்கைப் பொத்தியும் அடங்காமல், உடம்பே குலுங்க ஒரு தும்மல் போட்டார். அதைக் கண்ணால்தான் பார்த்தேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பெட்டி நல்லாத்தான் சத்தம் போடுது,” என்றார்.

“ஆமாண்ணே. வேற ஒண்ணுமே காதுல விழல,” என்றேன்.