ம் டீச்சர்

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ம் டீச்சர்'. வீட்டின் முன்னறையில் பெஞ்சு போட்டுக் கணக்கு டியூஷன் எடுப்பவள். எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பின்னால் போய் நிற்பாள். வரி சரியாக வந்தால் 'ம்' என்பாள். தப்பென்றால் வாயே திறக்கமாட்டாள். பிள்ளையே புரிந்துகொண்டு அதை அடித்துவிட்டு வேறு வழி பார்க்கும். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. பெற்றோர்கள் தங்கள் பிள்ளைக்கு ஓர் இடம் கேட்டு நடையாய் நடந்தார்கள். அவளுக்கும் தலைக்கனம் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்வானேன்.

அக்கா மகள் குட்டி அந்தப் பெஞ்சிலேயே வளர்ந்தவள். கணக்கில் புலி. ஆண்டிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் மேல் வகுப்பில் கணக்குப் பிரிவு. குட்டிக்கு அதைத் தவிர வேறு ஆசையே இல்லை.

தேர்வு முடிந்ததும் பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, இவள்தான் போனாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வேறு போனாள்.

பள்ளியின் கணக்கு ஆசிரியர் விடைத்தாளை நீட்டினார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டி எல்லாக் கணக்கும் போட்டிருந்தாள். எல்லாமே சரி. ஆனால் ஒவ்வொரு விடையின் மேலும் குறுக்கே ஒரு கோடு. சில இடங்களில் ஒரே சரியான விடையைத் திரும்பத் திரும்ப எழுதி, திரும்பத் திரும்ப அடித்திருந்தாள்.

"அடிச்சதுக்கு நான் எப்படிங்க மார்க் போடுவேன்?" என்றார் அவர். "பிள்ளைக்கு என்னமோ ஆயிருக்கு. அடுத்த வாரம் மறுதேர்வு இருக்கு. அதுக்குள்ள என்னன்னு பாருங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. காய்ச்சலா, யாராவது மிரட்டினார்களா, காதல் கத்தரிக்காய் ஏதாவதா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. தன் பக்கம் மட்டும் அது திரும்பவே இல்லை.

வீட்டில் மாலை வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் குட்டி.

"எல்லாம் சரியா போட்டுட்டு ஏன்டி அடிச்சே?"

குட்டி நிமிர்ந்து பார்த்தாள். "சரியா போட்டிருந்தேனா சித்தி?" அவள் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "அங்க ஒரே அமைதியா இருந்துச்சு. யாருமே எதுவும் சொல்லல. அப்ப தப்புன்னுதானே அர்த்தம்? கையெல்லாம் வேர்த்துருச்சு. எதை எழுதினாலும் தப்பு, தப்புன்னே தோணிச்சு."

சித்திக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. செருப்பு மாட்டும்போதுகூட 'இது போடவா சித்தி?' என்று கேட்டு நிற்பாளே குட்டி! அதை அடக்கம் என்று அக்காவிடம் பெருமையடித்தவள் இவள்தான்.

"சரி, விடு. இப்ப ஒரு கணக்கு போடு. நான் எதுவும் சொல்லமாட்டேன். நீயா போடணும்." மற்றப் பிள்ளைகளையும் பார்த்து, "நீங்களும் போடுங்க" என்றாள். யாரும் படித்தவுடன் போட்டுவிடக்கூடிய சின்னக் கணக்காகப் பார்த்துக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் குட்டியின் பின்னால் வந்து நின்றாள்.

குட்டி முதல் வரியை எழுதினாள். சரியான வரி. பேனாவைத் தூக்கிக் காத்திருந்தாள். சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'ம்' தொண்டை வரை வந்துவிட்டது. பழக்கம் அவளையும் விடுவதாயில்லை. குட்டியின் காது சிவந்தது, மூச்சு வேகமாகியது.

"சரிதானே சித்தி?"

"நீயே சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்?" குரல் உடைந்தது. அந்தச் சரியான வரியின் மேல் குட்டி கோடு போட்டாள்.

ஐயோ, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று பதறினாள். குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டாள். குட்டி நன்றாகப் போட்டாள், போட்டதெல்லாம் சரி என்று ஆயிரம் முறை சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அதுவும் இன்னொரு 'ம்'தான்.

அப்போதுதான் அறையின் அமைதி அவளுக்கு உறைத்தது. பேனா ஓடும் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

பிள்ளைகள் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் ஒருத்தி மட்டும் தலைகுனிந்து, தான் போட்ட சரியான விடையை அடித்துக்கொண்டிருந்தாள்.