விழாத பந்துகளின் மகசூல்

1

இந்தக் கதை ஒரு சின்ன அவமானத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் என்மேல் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

1996இல் பாளையங்கோட்டையில் ஒரு கூடைப்பந்து அணியில் நான் பன்னிரண்டாவது ஆள். பெஞ்சின் கடைசி ஓரம் என்னுடையது. அந்த மைதானத்து ஆட்டங்களுக்கெல்லாம் ஸ்கோரர் அருணாசலம் அண்ணாச்சி. ஒவ்வொருவனும் எத்தனை தடவை எறிந்தான், அதில் எத்தனை புள்ளி வந்தது என்று அவர் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, "எனக்கு எவ்வளவு அண்ணாச்சி?" என்று போய்க் கேட்டேன். தாளைப் புரட்டினார். "நீ எறிஞ்சதும் பூஜ்யம், போட்டதும் பூஜ்யம். பூஜ்யத்த பூஜ்யத்தால வகுக்க முடியாதுலே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அவரைப் பழிவாங்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: "தாமிரபரணியில் தண்ணீர் வற்றிக்கிடந்த ஒரு பங்குனி மாதத்தில்" (அடித்துவிட்டேன். ஆற்றை வைத்துத் தொடங்கினால் நான் நல்ல எழுத்தாளன் என்று நினைப்பீர்கள். அந்த ஆசைதான் காரணம்.)

இரண்டாவது தொடக்கம்: "அருணாசலத்தின் மனைவி பிரம்மநாயகி அவரைவிட்டுப் போனதற்குக் காரணம்" (இதை மூன்று முறை எழுதி மூன்று முறையும் நிறுத்திவிட்டேன். பிரம்மநாயகி மதுரையில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. ஒரு காரணத்தைக் கட்டிச் சேர்த்தால் கதைக்குப் பலம் கூடும். கூடவேண்டாம்.)

நேராகவே சொல்கிறேன். அருணாசலத்துக்கு நாற்பத்திரண்டு வயது. புள்ளியியல் அலுவலகத்தில் வேலை. அறுவடை நேரத்தில் வயல்வயலாகப் போய், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தக் கட்டத்து நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார். முக்கூடல் பக்கம் ஒருவர், "எனக்கு இருநூறு மூட்டை விளைஞ்சிருக்கு" என்று மார்தட்டினால், "எத்தன ஏக்கர்ல?" என்று கேட்பதுதான் அவர் தொழில். மகசூல் என்பது மொத்தம் இல்லை, நிலத்தால் வகுத்து வருவது.

அதே கேள்வியை அவர் கூடைப்பந்து மைதானத்துக்கும் கொண்டுவந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கோரர் மேஜையில் உட்காருவார். அதிகாரபூர்வத் தாளில் விழுந்த பந்துக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. விழாத பந்துக்குக் கிடையாது. அதனால் அடியில் இன்னொரு தாள் வைத்து, விழாத ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி குத்திக்கொள்வார். ஆறு வருஷமாகக் குத்தினார். அது என்னவென்று அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

அவரோடு ஊர் பேசிய பேச்சே ஒன்றுதான். "அண்ணாச்சி, ஸ்கோர் எத்தன?"

3

ஒரே ஒருத்தன் மட்டும் கூடுதலாகப் பேசினான். சுந்தர்.

எங்கள் அணியின் நட்சத்திரம் அவன்தான். ஆறடி மூன்றங்குலம். ஆட்டத்துக்கு இருபது, இருபத்தைந்து புள்ளி எடுப்பான். கூட்டம் வருவதே அவனுக்காக. ஆட்டம் முடிந்ததும் தன் டிவிஎஸ் ஐம்பது வண்டியில் அருணாசலத்தை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து தோசை சாப்பிடுவான். ஏழு தோசை. அருணாசலம் சனிக்கிழமையே உளுந்து ஊறப்போடுவார். அந்த வாரத்தில் அவர் இன்னொருத்தருக்காகச் செய்கிற ஒரே காரியம் அது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சுந்தர் அந்தத் தாள்களைப் பார்த்தான்.

"இதென்ன அண்ணாச்சி, எறும்பு ஊருத மாதிரி?"

அருணாசலம் விளக்கினார். எத்தனை தடவை எறிந்தானோ அந்த எண்ணால் புள்ளியை வகுக்கவேண்டும். எதிரணி செய்த தவறுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ இரண்டு சேர்ந்தால் ஒரு எறி.

"எனக்கு எத்தன?"

"பதினஞ்சு ஆட்டத்துல நானூத்தி இருபது எறிஞ்சிருக்க. முந்நூத்தி முப்பத்தாறு புள்ளி. வகுத்தா, பூஜ்யம் புள்ளி எட்டு."

"இசக்கிக்கு?"

இசக்கிமுருகன் முக்கூடல்காரன். அம்மா பீடி சுற்றுகிறவர். அதிகம் பேசமாட்டான், அதிகம் எறியவும் மாட்டான். (இவனை முதலில் ஏழ்மையும் பொறுமையுமான ஒரு நல்ல பையனாக எழுதியிருந்தேன். கிழித்துப்போட்டேன். அவன் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. தன் இடத்தில் நின்று பந்து வந்தால் போடுவான்.)

"நூத்தி அறுபது எறிஞ்சு இருநூறு. ஒண்ணேகால்."

சுந்தர் தோசையைப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தான்.

"பந்து கெடச்சா முப்பது செகண்டுக்குள்ள எறிஞ்சாவணும். கடைசி அஞ்சு செகண்ட்ல பந்த என் கையிலதான் திணிக்கானுவ. வேற ஒருத்தனும் வாங்கமாட்டான். ரெண்டு பேரு என்மேல ஏறி நிக்கான். அப்பதான் இசக்கி மறிக்க ஆளில்லாம சும்மா நிக்கான். அது உங்க தாளுல எங்கன இருக்கு?"

"அதுக்குக் கட்டம் இல்லல்லா" என்றார் அருணாசலம்.

சுந்தர் சிரித்தான். அன்றைக்கு ஏழும் சாப்பிட்டுத்தான் போனான்.

4

இங்கேதான் எனக்குக் கை நின்றது.

ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனத்தின் அணிக்கு ஆள் எடுக்க ஞானசிகாமணி என்பவர் சென்னையிலிருந்து வந்தார். ஒரே ஒரு இடம். நிரந்தர வேலை. சுந்தருக்கா இசக்கிக்கா என்பதுதான் கேள்வி. கேள்வியே இல்லை, சுந்தருக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஞானசிகாமணியும் அப்படி நினைத்துத்தான் மேஜைக்கு வந்தார்.

"ஸ்கோர் ஷீட்டக் குடுங்க. ஆளுக்கு மொத்தம் எவ்வளவுன்னு தெரிஞ்சாப் போதும்."

அருணாசலம் கொடுத்தார். அடித்தாள் வெளியே தெரிந்தது.

"அது என்ன?"

ஒரு பிரதியில், "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லவைத்தேன். கதை அங்கேயே முடிந்து, எல்லோரும் நன்றாக இருந்தார்கள். ஆனால் பெஞ்சிலிருந்து நான் என் காதால் கேட்டது வேறு.

"விழாத பந்து, சார்."

"விழாததையா எழுதுறீங்க? எத்தன நாளா?"

"ஆறு வருஷமா."

ஞானசிகாமணி நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லுங்க" என்றார்.

அருணாசலம் நாற்பது நிமிஷம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கை ஆட்டிப் பேசினார். நடுவில் ஒருதரம் சிரித்தார். சுந்தர் கேட்ட கேள்வி அவர் நினைவில் வராமல் இருந்திருக்காது. அதைச் சொல்லியிருந்தால் எதிரே இருந்தவர் முகத்தில் இருந்த ஆர்வம் கொஞ்சம் குறைந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

(உண்மையைச் சொல்லவேண்டும் என்று பேசினார் என்று எழுதலாம். எழுதினால் அவருக்கு மரியாதை. ஆறு வருஷத்தில் ஒரு மனிதன் முதன்முதலாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டான், அதனால் பேசினார் என்றுதான் நான் நினைக்கிறேன். என் எழுத்தை ஒருவர் கேட்டுவிட்டால் நான் இதைவிட மோசமானதைச் செய்வேன்.)

வேலை இசக்கிமுருகனுக்குக் கிடைத்தது. அவன் அம்மா பீடித்தட்டை இறக்கிவைத்தார். அவனுக்குக் கிடைத்தது தப்பு என்று என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

5

சுந்தர் சண்டை போடவில்லை. பார்த்தால், "என்ன அண்ணாச்சி" என்றான். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அருணாசலம் பத்து மணி வரை கல்லைக் காயவைத்து உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமும் மாவாட்டினார். அது புளித்தது. மூன்றாவது வாரம் உளுந்து ஊறப்போடவில்லை.

ஜூலையில் ஒரு போட்டி. அரையிறுதி. இசக்கி வேலைக்குப் போய்விட்டான். அன்று சுந்தர் எறியவில்லை.

அப்படித்தான் சொல்லவேண்டும். பந்து வரும், பக்கத்தில் ஆள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவான். நேரம் முடியப்போகும், எல்லோரும் அவனைப் பார்த்துக் கை நீட்டுவார்கள், அவன் வேறெங்கோ நிற்பான். யாரும் மறிக்காத இடத்தில் பந்து கிடைத்தால் மட்டும் எறிந்தான். கூட்டம் முதலில் கத்தியது, பிறகு ஏசியது, கடைசியில் கலையத் தொடங்கியது. இருபத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மேஜைக்கு வந்தான்.

"இன்னைக்கு எனக்கு எத்தன அண்ணாச்சி?"

அருணாசலம் தாளைப் பார்க்காமலே சொன்னார். "ஏழு எறிஞ்ச. அஞ்சு விழுந்துச்சு. ஒண்ணு புள்ளி நாலு."

"இசக்கியவிட கூடவா?"

"கூடத்தான்."

"நல்ல மகசூல்" என்றான் சுந்தர். டவலைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் ஆடவில்லை. ஆழ்வார்திருநகரியில் மாமாவின் உரக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டான் என்று கேள்வி.

6

புரட்டாசியில் கார்ப் பருவ நெல் அறுவடை. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில், பேச்சித்தாய் என்ற அம்மாவின் வயலில் கயிறு கட்டினார் அருணாசலம். எடை குறைவாக வந்தது. எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்று பைய கேட்டார்:

"தலமடக்காரன் வயலயும் என் வயலயும் ஒரே கயித்தால அளக்கீயளே சார். அங்கன ஆத்துத் தண்ணி பாயுது. இங்கன அவன் குடிச்ச மிச்சம் வருது. இதுல இம்புட்டு வெளய வச்சிருக்கேனே, அத எங்க எழுதுவிய?"

இதே கேள்வியை அருணாசலம் வேறொரு குரலில் கேட்டிருக்கிறார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய தாள்களை விரித்தார். நேரம் பார்ப்பவர், "அஞ்சு" என்று கத்திய பிறகு எறிந்த பந்துகளுக்குச் சின்னச் சுழி போடுவது அவர் வழக்கம், எதற்கென்று யோசித்ததில்லை. சுழிகளை மட்டும் தனியே எண்ணினார். சுந்தர் நூற்று நாற்பது எறிந்து எழுபது புள்ளி. மற்ற எல்லோரும் சேர்ந்து முப்பது எறிந்து ஆறு. பிறகு சுந்தர் பெஞ்சில் இருந்த நேரத்தைப் பிரித்துப் பார்த்தார்: இசக்கி இருபத்திரண்டு எறிந்து பதினாறு, ஒண்ணேகால் முக்காலுக்கும் கீழே.

ஒருத்தனும் விதைக்கத் துணியாத கடைமடையில் சுந்தர் மற்றவர்களைப்போல இரண்டரை மடங்கு எடுத்திருக்கிறான். தலைமடையில் இசக்கிக்குத் தண்ணீர் பாய்ந்ததும் அவனால்தான்.

அதை ஒரு தாளில் சுத்தமாக எழுதினார். காட்ட ஆளில்லை. சென்னைக்கு அனுப்பி இனி ஆவதொன்றுமில்லை.

7

முடிவு ஒன்று: தபாலில் அனுப்புகிறார், சுந்தர் திரும்பி வருகிறான். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: தாளைக் கிழித்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு (இது நான் செய்யக்கூடியது. அவர் செய்யமாட்டார்.)

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, ஆழ்வார்திருநகரியில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். தாள் சட்டைப்பையில். உரக்கடைக்கு எதிரே, சைக்கிள் கடை நிழலில் நிற்கிறார். கடை வாசலில் சுந்தர் லாரியிலிருந்து யூரியா மூட்டை இறக்குகிறான். கொஞ்சம் பருத்திருக்கிறான்.

அவர் பேசவேண்டிய முதல் வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். "கணக்க மறுபடி போட்டேன்" என்றால் அவன் சிரித்துவிடுவான். "நான் செஞ்சது தப்பு" என்பது சரிதான்; ஆனால் ரோட்டைக் கடப்பதற்குள் அவர் அதைக் கைவிட்டுவிடுவார். "ஞாயித்துக்கிழம வாயேன்" என்று எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் அடித்துவிட்டேன். அது நான் அவருக்காக ஆசைப்படுவது.

இதோ, மூட்டையை இறக்கிவிட்டு சுந்தர் நிமிர்கிறான். எதிர்ப்பக்கம் நிற்பவரைப் பார்த்துவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறான். அவனாகப் பேசமாட்டான்.

அண்ணாச்சி என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். சின்னதாகச் சொல்லுங்கள். அவருக்குப் பேசிப் பழக்கமில்லை.