மூன்றாவது வகிடு

கத்தரி அக்காவின் பார்லருக்கு வந்தவர்கள் யாரும் வாயைத் திறக்காமல் எழுந்து போனதில்லை. தலையில் தண்ணீர் விழுந்ததுமே மாமியார் கதை, மேனேஜர் கதை எல்லாம் தானாக வந்துவிடும். வராவிட்டால் அக்கா விடமாட்டாள், வாயைக் கிளறி வாங்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள்தான் பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான்கு மாதம் ஓட்டினாள்.

மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். வீட்டில் வாயாடி என்று பெயர். கொஞ்ச நாளாக அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வாரிவிடும்போது, உச்சிக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு முடியில்லாத இடம் அம்மாவின் கண்ணில் பட்டது. தானாகக் கொட்டியிருந்தால் தோல் வழுவழுவென்று இருக்கும். இங்கே குட்டையும் நெட்டையுமாக அறுந்த முடிகள் நின்றன. பிடுங்கியிருக்கிறாள்.

கேட்க வாய் வரவில்லை. கை மட்டும் சும்மா இருக்குமா? நடு வகிட்டை இடப்பக்கம் மாற்றி, மேல்முடியை அடுக்கடுக்காக வெட்டி, அந்த இடத்தை மூடிவிட்டாள். "புது ஸ்டைல்டி, உனக்கு எடுப்பா இருக்கு" என்றாள். மகள் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினாள். டாக்ஸி ஓட்டும் அப்பா உட்பட ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வேலை அவ்வளவு சுத்தம்!

இரண்டு மாதத்தில் இடப்பக்கமும் தேய்ந்தது. வகிடு வலப்பக்கம் போனது. பரீட்சை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பரீட்சைக்கு முன்பே ஒரு மத்தியானம், பள்ளி விடாத நேரத்தில், மகள் பார்லருக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மொட்டை அடிச்சு விட்டுடும்மா."

"என்னடி உளர்றே?"

"முடியே இல்லேன்னா பிடுங்க முடியாதுல்ல."

அம்மா கதவைச் சாத்தினாள். எல்லோரிடமும் கண்ணாடி வழியாகவே பேசிப் பழகியவள், நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு பிடுங்குறே?"

"காலைல எழுந்திரிக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கிளாஸ்ல சொல்றது எதுவும் காதுல விழல. பிடுங்கினா கொஞ்ச நேரம் அடங்குது. அப்புறம் மறுபடியும் வருது. பயமா இருக்கும்மா."

அம்மா அழுதாள். அழுதபடியே மனநல டாக்டருக்குப் போன் செய்து நேரம் வாங்கினாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் பதறினார்.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேருக்கும் நான்தான் முடி வெட்டுறேன். பேசாம வண்டியை எடுத்துட்டு வாங்க."

டாக்டர் பெண்மணி. அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். எப்போதிலிருந்து என்றதும் அம்மாதான் முந்திக்கொண்டாள்.

"நாலு மாசமா டாக்டர். எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்மா," என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. "நீ ஒண்ணும் கேக்காம வகிட்டை மட்டும் மாத்தினே. அப்போ இது யார்கிட்டயும் சொல்லக்கூடாத விஷயம்னு நினைச்சுக்கிட்டேன்."

அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இப்பவாவது வந்தீங்களே," என்றார் டாக்டர். "சிலர் வருஷக்கணக்கா மறைச்சுட்டு வர்றாங்க. இது பதற்றத்தால வர்றது. சரி பண்ண வழி இருக்கு, கொஞ்சம் நாள் பிடிக்கும்." பிறகு அம்மாவிடம், "இனி நாங்க ரெண்டு பேரும் பேசுறோம். நீங்க வெளியில உக்காருங்க" என்றார்.

அம்மா எழுந்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவும் இருக்கட்டும் டாக்டர். அவங்களும் கேக்கட்டும்."