பழைய வெர்ஷன்

அனுசுயாவும் கிஷோரும் மூன்று வருடங்கள் ஜோடியாக டிஜே வாசித்தார்கள். அதில் கடைசி ஐந்து மாதங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வாசித்தார்கள். ஒரு யூடியூப் பேட்டியில் கிஷோர், "ரெக்கார்டு சுத்துறதெல்லாம் சும்மா ஷோவுக்கு. மிக்சிங் முழுக்க நான்தான்" என்று சொல்லிவிட்டான். அவள் ஊரில் இல்லாத நாள் பார்த்துச் சொன்னது.

அவளுடைய ரெக்கார்டுகளில் பாட்டு இல்லை என்பது உண்மைதான். அவை டைம்கோட் ரெக்கார்டுகள். ஊசியை வைத்தால் 'கீ' என்று ஒரே ஓசைதான் வரும். லேப்டாப்பில் உள்ள மென்பொருள் அந்த ஓசையைக் கேட்டு, தட்டு என்ன வேகத்தில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் பாட்டை அதேபோல ஓட்டும். விரல் தட்டைப் பின்னால் இழுத்தால் பாட்டும் பின்னால் போகும். ஆவடி குவார்ட்டர்ஸில் பூட்டிய அறைக்குள் ஆறு வருடம் பழகி வந்த கை அது. கிஷோருக்கு ரெக்கார்டு வராது. பொத்தான் வைத்த கன்ட்ரோலரில்தான் வாசிப்பான்.

அம்பத்தூரில் நடந்த டிஜே போட்டிக்குச் சண்டைக்கு முன்பே ஜோடியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். விலகினால் தோற்றதாகிவிடும் என்று இருவருமே விலகவில்லை. லேப்டாப் பொதுவானது. அந்த வாரம் அது மேனாம்பேட்டில் கிஷோர் வீட்டில் இருந்தது.

ஞாயிறு மதியம், மேடையில் அவர்கள் முறை வந்தது. அனுசுயா ஊசியை வைத்தாள். பாட்டுக்குப் பதில் அந்த 'கீ' ஓசையே அத்தனை ஸ்பீக்கரிலும் அலறியது. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் ஒலியைக் குறைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். கட்டங்கள் இடம் மாறியிருந்தன. ரெக்கார்டு சுழலும் டர்ன்டேபிளை லேப்டாப்போடு இணைக்கும் அவளுடைய பழைய பெட்டி இந்தப் புதிய வெர்ஷனில் வேலை செய்யாது என்று சிவப்பில் ஒரு வரி.

"அப்டேட் போட்டியா?"

"தானா ஆயிடுச்சு."

"பாஸ்வேர்டு கேக்கும்டா. தானா எப்டி ஆவும்?"

"இப்ப இன்னான்ற? ஜனம் பாத்துகினு கீது. தள்ளு."

தோளால் அவளை ஒதுக்கிவிட்டுக் கன்ட்ரோலரைச் செருகினான். மைக்கை எடுத்து, "சாரி மக்களே, நம்ம தங்கச்சிக்கு மிஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்றான். கூட்டம் சிரித்தது. அவள் அவனைவிட ஒன்றரை வயது மூத்தவள். மேடையை விட்டு இறங்காமல் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

கிஷோர் முதல் பொத்தானை அழுத்தினான். பாட்டு தாளத்தில் வந்து விழவில்லை. ஆரம்பத்துப் புல்லாங்குழலிலிருந்து தொடங்கி இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த பாட்டைத் தட்டினான். இரண்டு தாளமும் ஒன்றோடொன்று மோதின. திரையில் பாட்டுகளின் மேல் ஒரு குறியும் இல்லை. எந்தப் பாட்டை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று காட்டும் குறிகள் அவை. புது வெர்ஷனுக்கு மாறும்போது எல்லாம் அழிந்துபோயிருந்தன.

"மார்க்கெல்லாம் எங்க?" என்றான்.

"நான் வெச்ச மார்க்கு. நீ தொடச்சிட்ட."

நடுவர் ஜெபா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இரண்டாவது நிமிடம் முடிந்திருக்கவில்லை.

புதன்கிழமை காலை கிஷோர் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை கரையான்சாவடியில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசிக்க அவன் ஒப்புக்கொண்டிருந்தான்.

"மார்க்கு வெச்ச பாட்டு, அந்தப் பழைய லைப்ரரி, ஒன் ஹார்ட் டிஸ்க்ல கீதா?"

"கீது."

"குடு."

"வேணும்னே பண்ணியா? அத மட்டும் சொல்லு."

அவன் சாலையைப் பார்த்தான். "ஆமா. ஒன் பெட்டி ஓடாதுன்னு தெரியும். மார்க்கு பூடும்னு தெரியாது. போதுமா?"

உண்மையைச் சொன்னால் கோபம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள். இன்னும் ஏறியது.

"கெளம்பு."

"அனு, பேர் கெட்டுப் பூடும்டி."

"அம்பத்தூர்ல முந்நூறு பேர் முன்னாடி எனக்கு இன்னா ஆச்சு?"

"நீயும் ஒன் தட்டும்!" என்று கேட்டை எட்டி உதைத்தான். காவலாளி எழுந்து வந்தார். அனுசுயா அவரிடம், "யாருன்னு தெரியாதுண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

வெள்ளிக்கிழமை அவன் செல்போனில் பாட்டை வரிசையாக ஓடவிட்டுச் சமாளித்தான். பெண் வீட்டார் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். லைப்ரரியை அவள் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று அவன் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். அவள் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. ஒரு பழைய லேப்டாப்பைத் தேடி வாங்கி, மென்பொருளின் பழைய வெர்ஷனை ஏற்றி, இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தனியாக வாசிக்கத் தொடங்கினாள். இருவரும் சேர்ந்து வாங்கிய ஒலி மிக்சர் அவளிடம் இருந்தது. அதைக் கேட்டு அவன் மூன்று முறை அழைத்தான். நான்காவது அழைப்பு வந்தபோது அவன் எண்ணையே தடுத்துவிட்டாள்.