ரோஸியின் கை

ஞானையாவின் வலது கை மூடிக்கொண்டு மூன்று வருஷமாகிறது. அந்தக் கைக்குள் அவர் மனைவி ரோஸியின் கை இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகப் பிடித்த பிடி அது. சவப்பெட்டியில் அவளுக்கு இரண்டு கையும் இருந்ததைப் பீர்க்கன்கரணை ஊரே பார்த்தது, அப்படியும் ஒன்று இவரிடம் தங்கிவிட்டது. திறந்தால் போய்விடுவாள் என்ற பயத்தில் மனிதர் திறக்கவே இல்லை. இடது கையால் சாப்பிட்டார். இடது கையால் சாப்பிடுகிறவர் பந்தியில் எப்படி உட்காருவது? கல்யாணம், ஞானஸ்நான விருந்து எல்லாவற்றையும் விட்டார்; கூப்பிட்டுக் கூப்பிட்டு மற்றவர்களும் ஓய்ந்தார்கள். திருமுடிவாக்கம் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது. பாவம், வேறென்ன சொல்ல.

தோள் இறுகிப்போகவே, துபாயிலிருக்கும் மகள் அஞ்சலி சேலையூரில் தாய்லாந்து மசாஜுக்குப் பதிவு செய்தாள். மசாஜ் என்றால் எண்ணெய் என்று நினைத்த ஞானையா, நல்லெண்ணெய் பாட்டிலும் பழைய லுங்கியுமாகப் போய் நின்றார். அங்கே வேலை செய்யும் மஹாலட்சுமி கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். "இன்னா சார், எண்ணெ எடுத்துகினு வந்துகீறீங்க? இதுல எண்ணெயே கெடையாது" என்று சிரித்து, தொளதொளவென்று ஒரு சட்டையும் பேண்ட்டும் கொடுத்தாள். வெந்நீரில் அவர் காலைக் கழுவி, தரையில் விரித்த மெத்தையில் படுக்கவைத்து, உள்ளங்காலில் தொடங்கி, முழங்காலால் தொடையை அழுத்தி, முதுகில் ஏறி நடந்தாள். எலும்பெல்லாம் சடசடத்தன. நடுவில், "போதுமா சார்?" என்று கேட்டாள். சோறு போடும்போது ரோஸி கேட்ட 'போதுமா'வை அதன் பிறகு யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஞானையா மெத்தையில் முகம் புதைத்து அழுதார்.

கடைசியாகக் கை. "தொறங்க சார்" என்றாள்.

"மாட்டேம்மா. அவ போயிடுவா."

"எங்க போவாங்க? நான் புட்ச்சிக்கறேன்."

விரல் விரலாகத் திறந்தார். உள்ளே ரோஸியின் கை, தோசைக்கல் சுட்ட தழும்போடு, வெதுவெதுப்பாக இருந்தது. "இதுவும் ரொம்ப நாளா மடங்கிகினே கீது" என்று மஹாலட்சுமி அதற்கும் சொடக்கு எடுத்தாள். "சாப்புட்ற கையில ஏன் சார் வெச்சிகினு கீறீங்க? இந்தாண்ட மாத்திக்கோங்க" என்று அவருடைய இடது கையில் வைத்து மூடினாள். இஞ்சி டீ இரண்டு கப்பில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் ஒரு கல்யாணம். ஞானையா பந்தியில் உட்கார்ந்து வலது கையால் பிரியாணி சாப்பிட்டார். இடது கை மடியில் மூடியிருந்தது. பரிமாறியவர் போதுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.